கூழ் கரைத்த கை

முதலில் கட்டைவிரல்தான் ஆடும். விஜி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். தன் விரல் என்றே அவளுக்குத் தோன்றாது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் தன் மடியில் கிடந்து துடிக்கிறது என்பதுபோலப் பார்ப்பாள். பிறகு மற்ற நான்கு விரல்களும் உள்ளே மடங்கும், விரியும், மறுபடி மடங்கும். மணிக்கட்டு சுழலும். முழங்கை வரைக்கும் ஏறிவிட்டால் அவ்வளவுதான், கண் மேலே செருகி, வலப்பக்கமாகச் சரிந்துவிடுவாள்.

"ம்மா, வர்து" என்று சொல்ல மட்டும் நேரம் கிடைக்கும்.

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் வேம்புலியம்மாள் பங்குனி மாதத்திலிருந்து வீட்டைவிட்டு நகராமல் கிடந்தாள். பக்கத்து அடுக்குமாடியில் பெருக்கித் துடைக்கிற வேலையையும் விட்டுவிட்டாள். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் சாலைக்குப் பின்பக்கம் இருக்கிறது அவர்கள் தெரு. ஒரு காலத்தில் இந்தத் தெருக்காரர்கள் எல்லாருமே சுற்றியிருந்த கழனிகளில் நடவு நட்டவர்கள்தான். இப்போது அந்தக் கழனிகளில் பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று நிற்கிறது. நட்ட கைகள் அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் கம்பெனிகளுக்குப் போகின்றன. வேம்புலியின் புருஷன் கஜபதி ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பஸ் கழுவுகிறவர். விஜி ஒரே பெண், இருபத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர்களைத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு.

அங்கேதான் முதல் தடவை வந்தது. தட்டில் கிடந்த வாஷர்களுக்குள் அவள் கை புகுந்து தானாகக் கிளறிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்திலிருந்த பெண்கள் விளையாட்டு என்று சிரித்திருக்கிறார்கள். அவள் சரிந்து விழுந்தபிறகுதான் சிரிப்பு நின்றது. கம்பெனி வேனிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நல்லா ஆனதும் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பெனி டிஸ்பென்சரியில் கொடுத்த வலிப்பு மாத்திரையால் பத்து நாள் சும்மா இருந்தது. பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை, உச்சி வேளையில், எதிர்வீட்டு அஞ்சலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி வந்தது.

அஞ்சலை கையில் பிடித்திருந்த முருங்கைக்கீரையைக் கீழே போடாமலே குனிந்து நின்றாள்.

"யக்கா, அந்தக் கையப் பாரேன்."

"இன்னாத்தடி பாக்கச் சொல்ற? காலப் புடி மொதல்ல! செவுத்துல மோதிக்கப் போறா."

"காலு கெடக்கட்டும்க்கா. கையப் பாரு. அமுக்குது, சுத்துது, அள்ளித் தூக்குது. இது இன்னா வேல? கூழ் கரைக்கிற வேல. உன் கை பண்றத உன் பொண்ணு கை பண்ணிக்கினு கீது."

வேம்புலி பார்த்தாள். முதுகுத்தண்டில் யாரோ ஈரக்கை வைத்ததுபோல் இருந்தது. அண்டாவுக்குள் கையை விட்டு, கட்டியைத் தேடிப்பிடித்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கி, விரலிடுக்கில் பிதுக்கி விடுகிற அதே சுழற்சி. பதினோரு வருஷமாக அவள் செய்கிற வேலை. அண்டா இல்லை, கூழ் இல்லை, கை மட்டும் வெறும் காற்றைக் கரைத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தெருவில் ஆடிக்கூழ் என்றால் வேம்புலியின் கைதான். அம்மன் பெயரையே வைத்த பெண், அம்மன் கூழைக் கரைக்கட்டும் என்று ஆரம்பித்தது. கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்த்து முதல் நாளே களியாகக் கிண்டி ஆறவைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் அதில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைக்க வேண்டும். கரண்டி படக்கூடாது, மத்து படக்கூடாது. ஒரே ஆளின் ஐந்து விரல்தான் கட்டி இல்லாமல் கரைக்க வேண்டும். கரைக்கிறவள் தலைக்குக் குளித்து, ஈரப்புடவையோடு, மஞ்சள் தண்ணீரில் மூன்று தரம் கை அலம்பி, ஊர் குடித்து முடிக்கிறவரை தான் ஒரு சொட்டும் வாயில் வைக்காமல் இருக்க வேண்டும். மாட்டுக்கறி, பன்றிக்கறி பக்கம் போகக்கூடாது. வேம்புலி அண்டாவில் கை வைத்தால் கூழ் புளிக்காது, பொங்கி வழியும், நூறு பேருக்கு வைத்தது இருநூறு பேருக்குக் காணும் என்று பேச்சு. மாங்காட்டிலிருந்துகூட சொம்பு எடுத்துக்கொண்டு வருவார்கள்.

சாயங்காலமே கோயில் பூசாரி பக்தவத்சலம் வந்துவிட்டார். அஞ்சலை சொல்லியிருப்பாள்.

"இதுல யோசிக்க இன்னா கீது வேம்புலி? ஆடி வர்ற வரைக்கும் அம்மனுக்குப் பொறுக்கல. உன் பொண்ணு கையால கேட்டுக்கினு கீறா. நீ டாக்டரு மாத்திரைன்னு அலைஞ்சிக்கினு கீற."

"இன்னா பண்ணணும் சொல்லுங்கண்ணே."

"ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு. தெனம் உன் கையால கூழ் கரைச்சி, அம்மனுக்கு வச்சிட்டு, அந்தக் கூழ பொண்ணுக்கு உன் கையாலயே ஊட்டு. மருந்து வாசனை கூடாது. ரெண்டும் ஒண்ணா போவாது."

கஜபதி வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். "மாத்திரய நிறுத்தறது எனக்கு சரியா படல," என்றார்.

"பஸ்ஸு கழுவறத பத்தி நான் எதுனா சொன்னனா கஜபதி?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாளிலிருந்து கூழ். சித்திரை வெயில் காலை ஏழு மணிக்கே கூரை ஓட்டைப் பிளந்தது. வேம்புலி குளித்து, ஈரப்புடவையோடு சின்னக் குண்டானின் முன்னால் உட்காருவாள். மஞ்சள் தண்ணீரில் மூன்று தரம் கை அலம்புவாள். களி குளிர்ந்து, மேலே ஏடு கட்டி, ஈரமண்போல் இருக்கும். அதற்குள் விரல் இறங்கும்போது அவள் வாய் தானாக அம்மனைக் கூப்பிடும். கரைத்து, தீபாராதனை காட்டி, பெண்ணின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, உள்ளங்கையைக் குழித்து ஊட்டுவாள்.

"போதும்மா."

"இன்னும் ஒரு வாய். வேண்டிக்கினு குடி."

முதல் வாரம் வலிப்பு வரவில்லை. தெருவே வந்து விஜியைப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டாவது வாரம் வலிப்பு வந்தது. ஆனால் லேசாக வந்தது என்றார்கள். மூன்றாவது வாரம்தான் விஜி அந்தக் கேள்வியைக் கேட்டாள். பட்டப்பகல், மணி பதினொன்று இருக்கும். தாயும் மகளும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ம்மா, என் வலது பக்கம் யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்லியே. செவுருதான்."

"திரும்பிப் பாத்தா செவுருதான். பாக்காத இருக்கும்போது யாரோ நிக்கிறா மாரி கீது. ரோட்டுல வெயிலு அடிக்கும்போது தண்ணி மாரி மின்னும்ல, அப்டி மின்னிக்கினு நிக்குது."

வேம்புலி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். "அம்மனாடி?"

விஜி கொஞ்சநேரம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பினால் அது போய்விடும் என்று பயந்தவள்போல.

"அதுக்கு மூஞ்சி இல்லம்மா."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் விஜியின் வலப்பக்கம் நடப்பதைத் தவிர்த்தார்கள். சோறு பரிமாறும்போதுகூட வேம்புலி இடப்பக்கமாகச் சுற்றி வந்தாள்.

முப்பதாம் நாள் எண்ணெய் தேய்த்துவிடும்போது, விஜியின் மேல்கையில், தோலுக்கு அடியில் ஒன்று தட்டுப்பட்டது. வேகவைத்த மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை. விரலுக்கடியிலிருந்து வழுக்கிக்கொண்டு தள்ளிப் போனது.

"இது எப்பலேர்ந்துடி?"

"ரொம்ப நாளா கீது. தொடையில ஒண்ணு கீது பாரு. கொழுப்புக் கட்டின்னு உட்டுட்டேன்."

முப்பத்தொன்பதாம் நாள் விடிந்ததிலிருந்து மூன்று தரம் வந்தது. மூன்றாவது தரம் வந்து அடங்கியபிறகு விஜி கண் திறக்கவில்லை. ஆள் போய்ச் சொன்னதும் கஜபதி டெப்போவிலிருந்து ஈரக் காக்கி உடையோடு ஓடிவந்தார். வேம்புலி குண்டானில் கைவிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஒம்போது நாளுதான்யா கீது. நடுவுல உட்டா தெய்வ குத்தமாயிடும்."

"எந்திரி மே! கைய கழுவு! பொணத்துக்கா கூழு ஊத்தப் போற?"

அப்படி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அவரோடு வேலை செய்கிற சுலைமான் ஷேர் ஆட்டோவைத் தெருமுனைக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அஞ்சலையின் புருஷன் பால்ராஜும் தூக்கக் கை கொடுத்தான். பால்ராஜ் ஆட்டோக்காரனாக இருந்தவன். போன வருஷம் வண்டி ஓட்டும்போது கை இழுத்துக்கொண்டு, சாலையோரக் கால்வாயில் வண்டியை இறக்கிவிட்டு, அதிலிருந்து ஹேண்டில் பாரைத் தொடுவதில்லை. அவனை ரோட்டில் திரிகிற காத்து அடித்தது என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலத்துக்குள் விஜிக்கு நினைவு வந்துவிட்டது. தலையைப் படம் எடுத்தார்கள். மறுநாள் காலை அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, டாக்டர் ரேவதி இவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டார். சின்ன வயசு. தூங்காத கண்.

"இது உங்க பொண்ணோட மூளை. இந்த வட்டம் தெரியுதா? இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் மூணு. மொத்தம் ஏழு."

"கட்டிங்களா டாக்டரம்மா?" என்றார் கஜபதி.

"கட்டி இல்லைங்க. தண்ணிப்பை மாதிரி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க. அதுதான் தலை."

"யாரோட தல?" என்றாள் வேம்புலி.

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "புழுவோட தலைம்மா. நாடாப்புழுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதோட குஞ்சு. பைக்குள்ள தலையை மடக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. கையில, தொடையில உருளுதே, அதுவும் இதே பைதான்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"உசுரோட கீதா?"

"நாலு உயிரோட இருக்கு. உயிரோட இருக்கிறது சத்தமே போடாது. உடம்புக்கே தெரியாம வருஷக்கணக்கா ஒளிஞ்சிருக்கும். அது சாகும்போதுதான் உடம்பு முழிச்சுக்கும். சுத்தி வீங்கும். அந்த வீக்கத்துலதான் வலிப்பு."

"கையி கூழ் கரைக்கிறா மாரி சுத்துமே?"

"கையை ஆட்டுற இடம் மூளையில இங்க இருக்கு. அது மேலயே ஒண்ணு உக்காந்திருக்கு. பின்பக்கம் இருக்கிறது பார்வைக்கான இடம். கண்ணுல மின்னுதுன்னு சொல்லுச்சா?"

மூஞ்சி இல்லாத அது எங்கே நின்றுகொண்டிருந்தது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அது விஜியின் வலப்பக்கத்தில் நிற்கவே இல்லை.

"பன்னிக்கறி சாப்பிடுமா பொண்ணு?"

"அய்யய்யோ! என் பொண்ணு கோழிக்கறியே மோந்து பாத்துதான் துன்னும்."

"அதுதான். கறி சாப்பிடுறவங்களுக்கு இது நேரா தலைக்குப் போறதில்ல. சரியா வேகாத கறியைச் சாப்பிட்டவங்க குடல்ல புழு வளரும். ரெண்டு மூணு மீட்டர்கூட வளரும். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நல்லா சாப்பிடுவாங்க, வேலை செய்வாங்க. ஆனா வெளிக்குப் போறப்ப கண்ணுக்குத் தெரியாத முட்டை ஆயிரக்கணக்குல வரும். சோப்பு போட்டுக் கழுவலைன்னா நகக்கண்ணுல தங்கும். அந்தக் கை தொட்டதை இன்னொருத்தர் சாப்பிட்டா, முட்டை அவங்க வயித்துல பொரிச்சு, ரத்தத்துல ஏறி, தலைக்குப் போகும். கொதிக்க வச்ச சாப்பாடா இருந்தா முட்டை செத்துடும். கொதிக்காம கையால பிசைஞ்சு கொடுக்கிறதுதான் ஆபத்து." டாக்டர் பேனாவை எடுத்தார். "வீட்ல யாரும்மா சமைக்கிறது?"

கஜபதி தன் காலைப் பார்த்தார். வேம்புலி தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நாந்தான்" என்றாள்.

அவளும் கஜபதியும் மலப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், மூன்று நாள் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி டப்பிகளைக் கொடுத்தார்கள். விஜியை வார்டில் விட்டுவிட்டு, துணி எடுத்துவர இருவரும் பஸ் ஏறினார்கள். போரூர் தாண்டியது.

"ஆவடி கறி" என்றார் கஜபதி.

"கம்னு வாயா. பஸ்ல."

"நாலு வருஷம் ஆயிருக்கும்ல மே?"

"நீதான வாங்கினு வந்த."

"மூலத்துல ரத்தமா போவுது, உக்கார முடியலன்னு அழுத. பன்னிக்கறிதான் மருந்துன்னு ஊரே சொல்லுது. வாங்கினு வந்தேன்."

"அரை வேக்காட்டுல துன்னாதான் மருந்து, வெந்தா சத்து போயிடும்னு சொன்னது ஆரு?"

"கறிக்காரன் சொன்னான்."

"கதவ சாத்திக்கினு துன்னேன்யா. மூணு நாளு. அம்மன் கூழு கரைக்கிற கையின்னு தெரிஞ்சிக்கினே."

கஜபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேம்புலிக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அதை அவரிடம்கூட அவள் சொன்னதில்லை. கறி சாப்பிட்டு மூன்று நான்கு மாதம் கழித்துக் காலையில் வெளிக்குப் போகும்போது வெள்ளையாக, தட்டையாக, விரற்கடை அளவில் துண்டுகள் விழ ஆரம்பித்தன. பாவாடை நாடாவை நறுக்கிப் போட்டதுபோல் இருக்கும். அவள் சந்தோஷப்பட்டாள். மூலச்சதை அறுந்து விழுகிறது, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தாள். ஒரு தடவை அதில் ஒரு துண்டு மெல்ல நெளிந்தது. தண்ணீர் பட்டதால் அசைகிறது என்று சொல்லிக்கொண்டாள். நாலு வருஷம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினாள். சோப்பு குளிக்கத்தானே?

இரண்டாவது நாள் அவள் கொடுத்ததிலேயே முட்டை இருந்தது. கஜபதிக்கு ஒன்றுமில்லை.

புழுவுக்கு மாத்திரை கொடுக்கும் முன்னால் அவள் தலையையும் படம் எடுத்துப் பார்த்தார் டாக்டர். "உங்க தலை சுத்தமா இருக்கும்மா. ஒரு பைகூட இல்ல" என்றார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார். வேம்புலி அதைக் கேட்டு எழுந்து போய், குழாயடியில் சோப்பு போட்டு முழங்கைவரை கையைக் கழுவினாள்.

மாத்திரையும் பேதிக்கும் கொடுத்து, வெளியே வருவதை மூடி போட்ட டப்பாவில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிக் பேசினில் அவள் அதைப் பார்த்தாள். வெளுத்த நாடா, அடுக்கடுக்காக மடிந்து கிடந்தது. ஒரு குச்சியால் எடுத்து நீட்டினாள். கதவிலிருந்து அடுப்படி வரைக்கும் வந்தது, இன்னும் மடிப்பு மிச்சமிருந்தது. கொஞ்சநேரம் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்றுக் கிடந்த நாளில்கூட வயிறு இப்படிக் காலியாக இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. அது கூடவே சாப்பிட்டது, கூடவே தூங்கியது. அவள் விரதம் இருந்த நாளெல்லாம் அதுவும் விரதம் இருந்திருக்கும்.

விஜியிடம் அவளேதான் சொன்னாள். வார்டு ஜன்னல் ஓரத்துக் கட்டில். வீக்கம் வடிய ஒரு மருந்து, புழுவுக்கு ஒரு மருந்து, வலிப்புக்கு ஒன்று என்று விஜியின் முகம் உப்பியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"அப்ப அந்த முப்பத்தொம்போது நாளு கூழு?"

"அதுக்கு முன்னாலயே தலைக்குப் போனதுங்க இதெல்லாம். டாக்டரு சொன்னாங்க."

"இந்த முப்பத்தொம்போது நாள்ல போனது?"

"எங்க போயி உக்காந்துச்சோ, இப்பவே தெரியாதுன்னாங்க. அதுக்கும் சேத்துதான் மருந்து. ஆறு மாசம் கழிச்சு மறுக்கா படம் எடுப்பாங்க."

"போதும் போதும்னேன். இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு ஊட்டின."

"ஆமாண்டி."

"நல்லா இருந்துச்சும்மா கூழு. அதான் பேஜாரு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறாக மாறி, வேம்புலி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அது அடங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்து, விஜி கேட்டாள்.

"பால்ராஜ் மாமாவுக்கும் வலது கைதான இஸ்துக்கிச்சி?"

"அது காத்து."

"ம்மா."

வேம்புலி கட்டில் விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள்.

"போன வருசம் எத்தினி சொம்பு போச்சி தெருவுக்கு?"

"தெருவுல போயி என்ன சொல்லச் சொல்றியாடி? பன்னி துன்னுட்டு அம்மன் கூழு கரைச்சேன்னா? வெட்டிப் போட்டுடுவாங்க."

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் விஜி. பிறகு தன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி இரண்டாவது ஞாயிறு. வலிப்பு நின்று ஐந்து வாரம் ஆகியிருந்தது. தெருவில் வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கி, மூலைக்கு மூலை கருவாட்டுக்குழம்பு வாசனை. கோயில் முன்னால் செங்கல் அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த இரண்டு அண்டாக் களி. சொம்பும் தூக்குவாளியும் ஏந்தி வரிசை அடுக்குமாடியின் மதில்வரை போயிருந்தது. மாடிக்காரர்கள் சிலர்கூடப் பாத்திரத்தோடு நின்றார்கள். பெண்ணை எமன் வாயிலிருந்து மீட்ட கை இந்த வருஷம் கரைக்கப் போகிறது என்று பக்தவத்சலம் மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

வீட்டில் கஜபதி சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தீட்டுன்னு சொல்லிடு மே. பொம்பள தீட்டுன்னா ஆரும் ஏன்னு கேக்க மாட்டான். அடுத்த வருசம் வேற எவளாச்சும் கரைப்பா. முடிஞ்சிது கத."

வேம்புலிக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதே வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டுதான் நடந்தாள்.

"வா வேம்புலி, வா. நேரமாவுது," என்றார் பக்தவத்சலம். மஞ்சள் தண்ணீர்ச் செம்பு தயாராக இருந்தது.

"நான் கரைக்கலண்ணே."

"ஏம்மா? தீட்டா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவரே வார்த்தையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். வேம்புலி நிமிர்ந்தாள். வரிசையில் முதலாவதாக அஞ்சலை நின்றிருந்தாள், இரண்டு தூக்கோடு. ஒன்று அவளுக்கு, ஒன்று பால்ராஜுக்கு. பால்ராஜ் பின்னால் நின்று இடது கையால் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாகவே அவனுக்கு அந்தப் பழக்கம்.

"தீட்டு இல்ல," என்றாள் வேம்புலி. "என் வயித்துல புழு இருந்துச்சி. மருந்து துன்னு போன மாசம்தான் வெளிய எடுத்தாங்க. நாலு வருசமா இருந்துச்சி. அந்தப் புழு முட்டைதான் என் கையால கூழுல போயி, விஜி தலைக்கு ஏறிச்சி. அம்மன் கேட்டதில்ல அது. நான் குடுத்தது."

"இன்னா உளர்ற?" பக்தவத்சலம் மைக்கைக் கையால் பொத்தினார். "புழு எப்படி தலைக்குப் போவும்? அதுவும் உன் வயித்துல ஏன் வருது?"

"மூலத்துக்குப் பன்னிக்கறி துன்னேன். அரை வேக்காட்டுல."

வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. "அடிப்பாவி!" என்று ஒரு குரல் வந்தது. "அந்தக் கைய வச்சிக்கினா..." என்று இன்னொன்று ஆரம்பித்தது, முடிக்கவில்லை. ஏனென்றால் விஜி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் இடப்பக்கம் நின்று, ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள்.

"இத தொட்டுப் பாருங்க அஞ்சலத்தே. உருளும். இந்த மாரி ஏழு தலைக்குள்ள கீது. உங்க ஊட்ல ஆருக்குனா இப்டி உருளுதா?"

அஞ்சலை தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்கவில்லை. மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

பால்ராஜின் இடது கை வலது கட்டைவிரலை விட்டுவிட்டு மேலே போனது. காதுக்கு மேலே, மயிருக்குள், விரல்கள் எதையோ தேடின. அவனுக்குப் பின்னால் நின்றவளின் கையும் போனது. அப்புறம் அவள் பின்னால். கூச்சல் போடத்தான் எல்லாரும் வாயைத் திறந்திருந்தார்கள், ஆனால் அதற்குள் அவரவர் கை அவரவர் தலைக்குப் போய்விட்டது. பொட்டில், உச்சியில், பிடரியில் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். மதில் ஓரத்து மாடிக்காரர் பாத்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நெற்றியை அழுத்தினார். பக்தவத்சலத்தின் கை தலைப்பாகைக்குள் புகுந்திருந்தது. பதினோரு மணி வெயிலில், ஒலிபெருக்கி தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்க, ஒரு தெரு முழுக்க நின்ற இடத்தில் நின்று தன் மண்டைக்குள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. உயிரோடு இருப்பது சத்தம் போடாது என்று அவர்களுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அஞ்சலைதான் முதலில் பேசினாள்.

"அந்த டாக்டரம்மா எந்தக் கெழம இருப்பாங்க?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து கஜபதி பதில் சொன்னார்.

"திங்கக்கெழம, வியாழக்கெழம. சீக்கிரம் போனாதான் டோக்கன். டெப்போவுல அஞ்சு இருவதுக்கு மொத பஸ்ஸு. நான் சொல்லி நிறுத்தி வைக்கிறேன். எத்தினி பேரு வரீங்க? கைய தூக்குங்க."

ஒருவரும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அஞ்சலை பால்ராஜிடம் போனாள். அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, வெயிலுக்கு நேரே உயரத் தூக்கிக்கொண்டு நின்றாள்.